இந்த ஷூவில் எத்தனை பாட்டில் இருக்கிறது?

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவன் என்று தெரிந்துவிட்டால் போதும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் இடத்தில்கூட ஒருவர் காலை நீட்டி, "இது ஒரிஜினல் லெதர்தானா, கொஞ்சம் பாருங்க" என்பார். சில வருடங்களாகக் கேள்வி மாறியிருக்கிறது. "பிளாஸ்டிக் பாட்டில்ல ஷூ செய்றாங்களாமே, நெசமா? கால் வெந்துடாதா?" என்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒரு படி மேலே போய் விளம்பரத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "மாமா, ஒரு ஜோடிக்கு 12 பாட்டில், 10 கேரி பேக்காம். வாங்கலாமா? பூமிக்கு நல்லதுதானே?"

நெசம்தான், செய்கிறார்கள். மற்ற சிந்தெடிக் ஷூவில் கால் எவ்வளவு வேகுமோ அவ்வளவுதான் இதிலும் வேகும். பூமிக்கு நல்லதா என்ற கேள்விக்குத்தான் ஒரு கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்க முடியவில்லை. அதனால் இந்த நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாட்டில் நூலாகும் கதை

தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் சட்டையும் ஒரே பொருள்தான். பாட்டிலாக ஊதினால் பெட், இழையாக இழுத்தால் பாலியஸ்டர். ஆகவே பாட்டிலிலிருந்து துணி செய்வதில் மாயம் எதுவும் இல்லை. சிரமமெல்லாம் சுத்தம் செய்வதில்.

காயலான் கடைகளிலிருந்து அழுத்திக் கட்டிய பேல்களாகப் பாட்டில்கள் ஆலைக்கு வரும். முதல் வேலை நிறம் பிரிப்பது. பச்சைப் பாட்டில் ஒன்று வெள்ளையோடு கலந்தால் மொத்த நூலும் மங்கிவிடும். பிறகு லேபிளை நீக்கி, சின்னச் சின்னச் சீவலாக அரைத்து, காஸ்டிக் சோடா கலந்த சுடுதண்ணீரில் அலசுவார்கள். தண்ணீர்த் தொட்டியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பெட் தண்ணீரைவிடக் கனம், மூழ்கிவிடும். மூடியும் மூடி வளையமும் வேறு பிளாஸ்டிக், மிதக்கும். மிதப்பதை வழித்தெடுத்தால் தீர்ந்தது.

தொந்தரவு கொடுப்பது பிவிசி. சில பாட்டில்களைச் சுற்றியிருக்கும் சுருங்கு லேபிள் பிவிசியாக இருக்கும். அதுவும் பெட்டுடன் சேர்ந்து மூழ்கிவிடும், தொட்டியில் பிடிபடாது. பெட் உருகும் சூட்டுக்கு, அதாவது 250 டிகிரிக்கு மேலே, பிவிசி போனால் கருகி அமிலம் கக்கும். அந்த அமிலம் நல்ல பெட்டையும் சேர்த்துக் கெடுக்கும். நூல் அறுந்து அறுந்து வரும், கறுப்புப் புள்ளி விழும். ஈரமும் எதிரிதான். சீவலைச் சரியாக உலர்த்தாமல் உருக்கினால் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் பாலிமர்ச் சங்கிலியை வெட்டிவிடும்.

இதையெல்லாம் தாண்டி உருகியதை நுண்ணிய துளைகள் வழியாகத் தள்ளி, இழுத்து, இழையாக்குகிறார்கள். நம் கரூரிலேயே ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் என்ற நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த நீல நிற மேலங்கி நினைவிருக்கிறதா? பழைய பாட்டிலில் செய்த அந்தத் துணி கரூரிலிருந்து போனதுதான். ஷூவுக்கு வேண்டிய மெஷ், லைனிங், லேஸ் எல்லாம் இதே மாதிரி நூலில் வருபவை.

ஷூவை நீளவாக்கில் அறுத்தால்

சாம்பிள் ரூமில் நாங்கள் அடிக்கடி செய்யும் வேலை ஒன்று உண்டு. போட்டிக் கம்பெனியின் ஷூவைக் காசு கொடுத்து வாங்கி, பேண்ட் சா மெஷினில் நீளவாக்கில் இரண்டாக அறுப்பது. வெளியே எத்தனை பளபளப்பு இருந்தாலும் குறுக்குவெட்டு பொய் சொல்லாது.

மேலேயிருந்து வாருங்கள். முதலில் பாலியஸ்டர் மெஷ். அதன் அடியில் பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச். அதற்கும் அடியில் லைனிங் துணி. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். விரல் பக்கம் ஷூ அமுங்காமல் இருக்க ஒரு விறைப்புத் தகடு. குதிகாலைப் பிடித்து நிறுத்த இன்னொன்று. கால் படும் இடத்தில் இன்சோல், அதன் கீழே மேல்பாகத்தோடு சேர்த்துத் தைத்த துணி அட்டை. அதற்கும் கீழே தடிமனான ஈவிஏ ஃபோம். தரையைத் தொடும் இடத்தில் ரப்பர். சில மாடல்களில் நடுப்பாதத்தின் கீழே ஒரு கடினமான பிளாஸ்டிக் துண்டு. லேஸ் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குழல். இவ்வளவையும் பிடித்து வைத்திருப்பது பசை, தொழிலில் சொல்யூஷன் என்போம்.

இப்போது பாட்டில் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இன்று 20 கிராமுக்கு அக்கம்பக்கம்தான் எடை. 12 பாட்டில் என்றால் கால் கிலோவுக்குக் கீழே. ஒரு ஜோடி ஸ்போர்ட்ஸ் ஷூ சுமாராக 600 கிராம், தடித்த சோல் வைத்த ஸ்னீக்கர் என்றால் இன்னும் கூடுதல். ஆக, பாட்டில் போவது மேல்பாகத்துக்கும் லைனிங்குக்கும் லேஸுக்கும். கனமான பாகம் கீழே இருக்கிறது, அங்கே பாட்டிலுக்கு வேலை கிடையாது. விளம்பரத்தில் ஷூ முழுவதும் பாட்டிலால் ஆனது என்று படம் போட்டிருந்தால், கீழே பொடி எழுத்தில் எந்தப் பாகம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் பெட் பாட்டிலுக்கு விலை உண்டு. தெருவில் ஒன்று விழுந்தால் யாரோ ஒருவர் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதற்கு ஷூ கம்பெனி வந்து கைகொடுக்க வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை. பாட்டிலை மறுபடி பாட்டிலாக்கும் வழியும் இப்போது திறந்திருக்கிறது. குடிநீர், குளிர்பானப் பாட்டில் போன்ற கெட்டியான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கைக் கலக்க வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. 2025-26ல் 30 சதவீதம், 2028-29ல் 60 சதவீதம். பாட்டில் பாட்டிலானால் இன்னும் சில சுற்று வரும். ஷூவுக்குள் போய்விட்டால் அதுதான் அதன் கடைசி நிறுத்தம்.

கேரி பேக் வேறு ஜாதி

அந்த விளம்பரத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த 10 கேரி பேக். தேலி என்ற இந்திய நிறுவனம் அது, ஆஷய் பவே என்ற இளைஞர் 2021ல் தொடங்கியது. கேரி பேக்குகளைக் கழுவி, அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்து, தோல் மாதிரியான ஒரு ஷீட் செய்கிறார்கள். மேல்பாகத்துக்கு அது. லைனிங்குக்குப் பாட்டில் துணி. சோலுக்கு மறுசுழற்சி ரப்பர்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து கேரி பேக்குக்குத் தடை. மஞ்சப்பை இயக்கமும் வந்தது. ஆனாலும் மீன் கடையிலும் பூக்கடையிலும் அது கைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. பாட்டிலுக்குக் கிடைக்கிற மரியாதை இதற்குக் கிடையாது. எடை இல்லை, அழுக்கு அதிகம், சாக்கு நிறையப் பொறுக்கினாலும் கையில் காசு தேறாது. யாரும் குனிந்து எடுக்காத பொருளுக்கு ஒருவர் விலை கொடுக்கிறார் என்றால் அது உண்மையிலேயே ஒரு வேலை.

ஷீட் எப்படி வருகிறது என்று வீட்டிலேயே செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம், மொட்டை மாடி மாதிரிக் காற்றோட்டமான இடத்தில். கசக்கினால் சரசரவென்று சத்தம் போடும் மெல்லிய பைகளாக எடுங்கள், அவை பாலித்தீன். கைப்பிடியையும் அடியையும் வெட்டிவிட்டு ஆறேழு அடுக்காக விரித்து, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே இருங்கள். பாலித்தீன் 110 முதல் 130 டிகிரிக்குள் இளகிவிடும். முதலில் ஓரங்கள் உள்ளே சுருங்கும். பிறகு சத்தம் அடங்கி, அடுக்குகள் ஒன்றாகிவிடும். ஆறவிட்டு பேப்பரை உரித்தால் ரெக்சின் மாதிரி ஒரு துண்டு. ஜவுளிக்கடை எழுத்து பாதி தெரியும், மெடிக்கல் ஷாப் சிலுவை கோணலாகத் தெரியும். பார்க்க ரொம்பவே அழகு. பிவிசி ஷீட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அந்தப் புகை ஆகாது.

இப்போது அந்தத் துண்டை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடித்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். ஷூவில் விரல் மடங்கும் இடம் அதுதான். ஒவ்வொரு அடிக்கும் மடங்கும். கம்பெனியில் இதற்கென்றே ஃபிளெக்ஸ் மெஷின் இருக்கிறது, ஆயிரக்கணக்கான முறை மடித்து மடித்துப் பார்க்கும். பையை ஷீட்டாக்குவது ஒரு மதியத்து வேலை. அந்த ஷீட்டை மெஷினில் தேறவைப்பதுதான் வருடக்கணக்கில் தின்னும் வேலை. ஆகவே பிளாஸ்டிக் ஷூ செய்பவர்களைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை.

கடலில் எடுத்ததா, கரையில் எடுத்ததா

இந்த மொத்த மோகத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டது ஒரு கப்பல் துரத்தல். 'தண்டர்' என்ற கள்ள மீன்பிடிக் கப்பலை அண்டார்டிகா கடலிலிருந்து ஸீ ஷெப்பர்ட் அமைப்பின் கப்பல் 110 நாள் விடாமல் துரத்தியது. 2015 ஏப்ரலில் மேற்கு ஆப்பிரிக்காவின் சாவோ டோமே அருகே தண்டர் மூழ்கியது. அது கடலில் விட்டுவிட்டு ஓடிய வலைகளை இன்னொரு கப்பல் இழுத்தெடுத்தது. மொத்தம் 72 கிலோமீட்டர். அந்த வலையின் இழையை வைத்து அடிடாஸும் பார்லே என்ற கடல் பாதுகாப்பு அமைப்பும் ஒரு ஷூவைச் செய்து, அதே வருடம் ஜூனில் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் காட்டின. உலகமே பார்த்தது.

கடைக்கு வந்த ஷூ வேறு. 2016 நவம்பரில் 7,000 ஜோடி வந்தது. அதன் மேல்பாகத்துக்கான பிளாஸ்டிக் மாலத்தீவுக் கரையோரங்களில் சேகரித்தது. ஒரு ஜோடிக்கு 11 பாட்டில் என்றார்கள். கடலுக்குள் போகும் முன்பே கரையில் பிடிப்பது நல்ல காரியம், செலவும் குறைவு, பொருளும் உப்பிலும் வெயிலிலும் நைந்திருக்காது. ஆனால் வாங்குகிறவர் மனதில் ஓடுவது அந்த வலையின் படம்.

2018ல் இந்த வகையில் 50 லட்சம் ஜோடிக்கு மேல் செய்ததாக அடிடாஸ் சொன்னது. பெரிய எண்தான். உலகம் ஒரு வருடத்தில் செய்யும் காலணி 2,000 கோடி ஜோடிக்கும் மேல். கணக்குப் போட்டால் 4,000 ஜோடிக்கு ஒரு ஜோடிகூடத் தேறாது. மற்ற 3,999 ஜோடி எங்கே போகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இட்லியை மாவாக்க முடியுமா?

பிளாஸ்டிக் என்றாலே உருக்கி மறுபடி வார்க்கலாம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஷூவின் கனமான பாகத்தில் அது நடக்காது. பெட், பாலித்தீன், பிவிசி, டிபியூ இவையெல்லாம் நெய் ரகம். உறைந்தாலும் சூடு காட்டினால் உருகும். சோலில் இருக்கும் ரப்பரும் ஈவிஏ ஃபோமும் இட்லி ரகம். வேகும்போது உள்ளே சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. வெந்த இட்லியை எத்தனை சூடு காட்டினாலும் திரும்ப மாவாகாது. வேண்டுமானால் உதிர்த்து உப்புமா செய்யலாம்.

அந்த உப்புமாவைத்தான் பெரிய கம்பெனிகள் செய்கின்றன. நைக்கி 1990களின் தொடக்கத்திலிருந்து பழைய ஷூக்களைத் திரும்ப வாங்கி, அரைத்துத் தூளாக்கி, ஓடுதளத்துக்கும் விளையாட்டு மைதானத் தரைக்கும் போடுகிறது. வீணாகாமல் போவது நல்லதுதான். ஆனால் ஷூவிலிருந்து ஷூ வரவில்லை.

உருகுகிற பொருள்களையாவது பிரித்து எடுக்கலாமே என்றால் குறுக்கே நிற்கிறது சொல்யூஷன். ஒட்டும்போது, சோல் பிரியவே கூடாது என்றுதான் பார்த்துப் பார்த்து ஒட்டுகிறோம். சோல் பிரிந்து வந்தால் ரிட்டர்ன், ரிட்டர்ன் வந்தால் சூப்பர்வைசர் கத்துவார். அவ்வளவு பிடிவாதமாக ஒட்டிய பத்துப் பொருள்களை, ஷூ செத்த பிறகு சல்லிசாகப் பிரிக்க முடியுமா? கூலி கட்டாது. பாட்டிலில் செய்த மெஷ்ஷாக இருந்தாலும், புதுப் பெட்ரோலியத்தில் செய்த மெஷ்ஷாக இருந்தாலும், ஸ்பாஞ்சோடு ஒட்டிவிட்டால் இரண்டுக்கும் ஒரே குப்பைமேடுதான்.

பேரீச்சம்பழக்காரருக்குத் தெரிந்தது

அடிடாஸ் 2019ல் ஒரு ஷூவை அறிமுகம் செய்தது. ஃபியூச்சர்கிராஃப்ட் லூப் என்று பெயர். மெஷ், லேஸ், ஃபோம், அடிச்சோல் எல்லாமே டிபியூ என்ற ஒரே பொருள். துளி பசை கிடையாது, சூட்டில் ஒட்டியது. போட்டுத் தேய்ந்ததும் திருப்பிக் கொடுத்தால் கழுவி, அரைத்து, உருக்கி, அடுத்த ஷூவில் சேர்ப்பார்கள். முதலில் 200 பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பல வருட ஆராய்ச்சி அது. எனக்கு உண்மையிலேயே பிடித்த முயற்சி.

அதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் பிளாஸ்டிக் செருப்பு ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் போடுவோமே, அடியும் வாரும் ஒரே வார்ப்பில் வரும் பிவிசி செருப்பு. ஒரே பொருள், பசை இல்லை, தையல் இல்லை. அறுந்தால் எடுத்து வைத்திருந்து, தெருவில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளை, பிளாஸ்டிக் செருப்புக்குப் பேரீச்சம்பழம்" என்று சத்தம் கேட்டால் ஓடுவோம். அவர் செருப்பை எடை போடுவார், பொட்டலத்தில் பழம் கொடுப்பார். தோல் செருப்பை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உருகுவது எது, உருகாதது எது என்று அவருக்குக் கையில் எடுத்ததுமே தெரியும். அந்தச் செருப்பு காயலான் கடைக்குப் போய், அரைபட்டு, குருணையாகி, மறுபடி செருப்பாக வந்தது. எல்லா நிறமும் கலப்பதால் கறுப்பாகவும் காப்பிக்கொட்டை நிறத்திலும்தான் வரும். ஏழைகள் போட்ட செருப்பு என்பதால் அதற்கு யாரும் பசுமை என்று லேபிள் ஒட்டவில்லை.

அதற்காகப் பிவிசிக்கு மாலை போடச் சொல்லவில்லை. அதை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய்கள் நாளாக ஆகக் கசியும், செருப்பு விறைத்துக் காலைக் கடிக்கும். சூட்டில் கெடாமலிருக்க ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். 2021ல் பிவிசி குழாய்களில் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்த ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. எங்கிருந்தோ வந்த பழைய பிவிசியை அரைத்தால் அதிலிருந்த ஈயமும் கூடவே வரும். குப்பையில் எரித்தால் புகையே விஷம். அந்தப் பொருள் வேண்டாம். ஒரே பொருளில் வார்க்கும் அந்த அமைப்பு வேண்டும். நச்சில்லாத ஒரு பிளாஸ்டிக்கில் அதையே செய்தால், பாட்டில் எண்ணிக்கை எதுவும் போடாமலே அது உருப்படியான செருப்பு.

லாரி டயரைச் சீவி அடியாக்கி, டியூபை வெட்டி வாராக்கிய டயர் செருப்பும் இந்த வரிசையில் வரும். வியட்நாமில் போர்க்காலத்தில் வீரர்கள் போட்டதும், கென்யாவில் மசாய் மக்கள் போடுவதும் அதே சங்கதிதான். அதில் உருக்குகிற வேலையே இல்லை, ஒரு கத்தியும் நாலு ஆணியும் போதும். நைலான் டயர் இருந்தவரை சீவ முடிந்தது. உள்ளே எஃகுக் கம்பி வலை வைத்த ரேடியல் டயரைக் கத்தியால் சீவிப் பாருங்கள், தெரியும்.

கரிக்கணக்கு

எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2013ல் ஒரு சாதாரண ஓட்டப்பந்தய ஷூவைப் பிரித்து மேய்ந்தார்கள். 65 பாகங்கள், செய்து முடிக்க 360 கட்டங்கள், ஒரு ஜோடிக்குச் சுமார் 14 கிலோ கரியமில வாயு. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆலையில் நடக்கும் வேலையால் வருவது. சின்னச் சின்னப் பாகங்களை வார்க்க, ஃபோமைச் சூடேற்ற, ஒட்ட, உலர்த்த மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து. மூலப்பொருளின் பங்கு 30 சதவீதத்துக்கும் கீழே. புதுப் பாலியஸ்டருக்குப் பதில் பாட்டில் பாலியஸ்டர் போட்டால் நாம் குறைப்பது அந்த 30க்குள் ஒரு பகுதியை.

பாகங்களைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அசிக்ஸ் 2022ல் ஒரு ஷூவை 1.95 கிலோ கரிக்கணக்கில் செய்து காட்டியது. அந்த எண்ணையே ஷூவின் பெயரில் வைத்தார்கள். பாகங்களைச் சுருக்கினார்கள், ஃபோமுக்குக் கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருள் சேர்த்தார்கள், ஆலைக்குப் புதுப்பிக்கும் மின்சாரம் கொடுத்தார்கள்.

அடுத்தது ஆயுள். 14 கிலோவில் செய்த ஷூ ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் உழைத்தால் வருடக் கணக்கு 7 ஆகிவிடும். எந்தப் பாட்டிலும் தராத லாபம் இது. ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் ஆயுளே ஒரு சோதனை. கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைப் பெட்டியோடு பீரோ மேலே வைத்துவிட்டு, சில வருடம் கழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போடுவீர்கள். மண்டபப் படியேறும்போது சோல் கறுப்புப் பொடியாக உதிரும். போடாமலே வைத்திருந்தோமே என்று திகைப்பீர்கள். பாலியூரித்தேன் சோலின் குணம் அது, காற்றில் இருக்கும் ஈரம் அதன் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. பார்த்துப் பார்த்து வைக்காமல் போட்டுத் தேய்த்துவிடுவதே மேல்.

நான் கடையில் பார்ப்பது

அக்கா மகனுக்கு அனுப்பிய பதிலையே இங்கே போடுகிறேன்.

ஒன்று, எந்தப் பாகத்தில் மறுசுழற்சிப் பொருள், எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா என்று பார். பாட்டில் எண்ணிக்கை மட்டும் இருந்தால் அது விளம்பரம்.

இரண்டு, சோலை ஒட்டியதோடு விட்டிருக்கிறார்களா, ஓரத்தில் தையலும் போட்டிருக்கிறார்களா? தையல் இருந்தால் செருப்பு தைக்கிற அண்ணனிடம் கொடுத்து இன்னொரு ஆயுள் வாங்கலாம்.

மூன்று, இன்சோலைக் கையால் எடுக்க முடிகிறதா? முதலில் நாறுவதும் நைவதும் அதுதான். அதை மட்டும் மாற்ற முடிந்தால் ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம்.

நான்கு, திருப்பி வாங்கும் திட்டம் என்று போட்டிருந்தால், இந்தியாவில் எந்தக் கடையில் வாங்குவார்கள் என்று கேள். பதில் வரவில்லை என்றால் அது இல்லை என்று அர்த்தம்.

ஐந்து, வீட்டில் நல்ல ஷூ இருந்தால் இந்த விளம்பரத்தை அழித்துவிடு. இருப்பது கிழிந்திருந்தால் தாராளமாக வாங்கு, கேரி பேக் ஷூ எனக்கும் பிடித்திருக்கிறது.

"சரி மாமா" என்றான். வாங்கினானா என்று நான் கேட்கவில்லை.

டப்பா உறைக்குப் பொறுப்பு, ஷூவுக்கு?

கடைசியாக ஒன்று, இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. எங்கள் பக்கம் தலைமுறைகளாகத் தோல்தான். இப்போது காற்று தோல் அல்லாத காலணி பக்கம் வீசுகிறது. செய்யாறில் தைவான் நிறுவனத்தின் ஆலையில் நைக்கி ஷூ தயாராகிறது. பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் கிராக்ஸ் தயாராகிறது. பனப்பாக்கத்தில் இன்னொரு தைவான் நிறுவனம் வருகிறது. 2022ல் அரசு காலணிக்கும் தோல் பொருள்களுக்கும் என்றே தனிக் கொள்கை வெளியிட்டது. ஊர்ப் பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் வேலை கிடைக்கிறது, அதில் எனக்கு முழுச் சந்தோஷம்.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஷூவைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறைக்கு, அதைப் போட்ட நிறுவனமே திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டயருக்கும் 2022 முதல் அப்படி விதி வந்துவிட்டது. பேட்டரிக்கு உண்டு, பழைய செல்போனுக்கு உண்டு. உறைக்குள் இருக்கும் ஷூவுக்கு இல்லை. பிரான்சில் துணிக்கும் காலணிக்கும் சேர்த்து இந்தப் பொறுப்பை 2007லேயே சட்டமாக்கிவிட்டார்கள். தயாரிப்பாளர்கள் கட்டும் பணத்திலிருந்து, 2023 முதல், ஷூவைச் சரிசெய்யக் கொடுப்பவருக்குக் கூலியில் தள்ளுபடி கொடுக்கிறார்கள். நம் ஊரில் மரத்தடியில் குத்தூசியோடு உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒரு ஆதரவு இருந்தால், அவர் பிள்ளை அந்தத் தொழிலை விட்டு ஓட நினைக்க மாட்டான்.

நிலமும் மானியமும் கொடுக்கும் கையோடு அரசு இதையும் கேட்கலாம். சாம்பிள் ரூமில் புது மாடல் வந்தால் ஒரு தாள் நிரப்புவோம். எடை எவ்வளவு, விலை எவ்வளவு, ஃபிளெக்ஸ் மெஷினில் எத்தனை மடிப்பு தாங்கியது, சோலை இழுத்தால் எத்தனை பலத்துக்குப் பிரிகிறது என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். பழசானபின் இதைப் பிரிக்க எத்தனை நிமிடம் ஆகும், பிரித்தால் எத்தனை பொருள் வரும் என்று இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தால் போதும். எண் கேட்டால் டிசைனர் யோசிப்பார். நாங்கள் யாரும் இதுவரை யோசிக்காததற்குக் காரணம், எங்களிடம் அந்த எண்ணை யாரும் கேட்டதில்லை.